சரக்கு சிங்கப்பூர் போகும், பெயர் போகாது: வெளிநாட்டு டிரேட்மார்க் பற்றி ஓர் எளிய விளக்கம்

"எஸ்.எஸ்.எம்-ல பேரைப் போட்டாச்சே, அப்புறம் என்ன?" மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில் சொந்தத் தொழில் செய்கிறவர்களிடம் டிரேட்மார்க் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். எஸ்.எஸ்.எம் என்பது தொழில்களைப் பதியும் மலேசிய அரசாங்க அலுவலகம். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், "மலேசியாவில் டிரேட்மார்க் எடுத்துட்டேன், இனி உலகம் முழுக்க யாரும் தொட முடியாது" என்பார். இரண்டு பேச்சும் தவறு. இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானதும்கூட, ஏனென்றால் அதை நம்பியவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்களில் பலர் ஏதாவது ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். கறித்தூள், முறுக்கு, ஊறுகாய், சாம்பிராணி, கூந்தல் எண்ணெய் என்று எத்தனையோ. தீபாவளிக்கு முன்னால் இதெல்லாம் பெட்டி பெட்டியாக ஜோகூர் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறது. சென்னையில் பாக்கெட் அச்சடித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இப்படி வெளிநாட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. வழக்கறிஞர்களுக்கான நுணுக்கங்களுக்குள் போகப் போவதில்லை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட்டில் ஓர் அக்கா 'தூக்கணாங்குருவி' என்ற பெயரில் கறித்தூள் அரைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க் எது, எது இல்லை

இந்தப் பொருள் இன்னாருடையது என்று வாங்குகிறவருக்கு அடையாளம் காட்டும் குறிதான் டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி. பெயராக இருக்கலாம், படமாக இருக்கலாம், எழுதியிருக்கும் விதமாகவும் இருக்கலாம். அதைப் பதிவு செய்தால், அந்த வகைப் பொருளுக்கு அதே பெயரையோ குழப்பம் தரும் அளவுக்கு ஒத்த பெயரையோ மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கலாம்.

எஸ்.எஸ்.எம் பதிவு என்பது இந்தத் தொழிலை நடத்துகிறவர் யார் என்று அரசாங்கத்துக்குச் சொல்வது, அவ்வளவுதான். நகராண்மைக் கழக லைசென்ஸ் கடை நடத்த அனுமதி. ஹலால் சான்றிதழ் பொருளைப் பற்றியது. பார்கோடு கல்லாவில் விலை அடிக்க. இவற்றில் எதுவுமே பெயருக்கு உங்களைச் சொந்தக்காரர் ஆக்காது. மலேசியாவில் அந்த வேலையைச் செய்வது மைஐபிஓ என்று எல்லோரும் சொல்லும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். இப்போது நடப்பில் உள்ள சட்டம் 2019-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம். அந்த ஆண்டு டிசம்பர் 27-ல் அது அமலுக்கு வந்தது.

எல்லாப் பெயரையும் பதிய விடமாட்டார்கள். 'சுவையான கறித்தூள்' என்பது பொருளையே வர்ணிக்கிறது. அதை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்ற வியாபாரிகள் எப்படிப் பேசுவது? 'சுங்கை சிப்புட் முறுக்கு' என்றாலும் சிக்கல்தான், ஊர்ப் பெயர் ஊருக்கே பொது. கறித்தூளுக்கும் தூக்கணாங்குருவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதனாலேயே அது நல்ல டிரேட்மார்க். பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்தான் பதிவு அலுவலகத்தில் வலுவாக நிற்கும். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஒரு தோட்டத்துச் செக்ரோல் அடுத்த தோட்டத்தில் செல்லாது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வைத்திருக்கும் வேலையாள் பதிவேடு. அதில் பெயர் இருந்தால்தான் சம்பளம். ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கு வேறு செக்ரோல், வேறு கிராணி. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரப் பால்மரத் தொழிலாளியாக இருந்தாலும், உங்கள் தோட்டத்துப் புத்தகத்தைக் காட்டி அங்கே சம்பளம் கேட்க முடியாது. அந்தக் கிராணி தன் புத்தகத்தை மட்டும்தான் பார்ப்பார்.

டிரேட்மார்க் பதிவேடும் அப்படித்தான். மலேசியாவுக்கு ஒரு பதிவேடு, சிங்கப்பூருக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று. ஒரு நாட்டின் பதிவு அந்த நாட்டின் எல்லைக்குள் மட்டும் செல்லும். உலகம் முழுமைக்கும் செல்லும் ஒரே டிரேட்மார்க் என்று ஒன்று இல்லவே இல்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பர்கர் கிங் கடைகளுக்குப் பெயர் 'ஹங்ரி ஜாக்ஸ்'. 1971-ல் அங்கே தொடங்கப் போனபோது அடிலெய்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் பர்கர் கிங் என்ற பெயரை ஏற்கெனவே வைத்திருந்தார். ஆப்பிள் நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பு. ஐபேட் என்ற பெயரைப் பிரோவியூ என்ற குழுமத்தின் தைவான் பிரிவிடமிருந்து வாங்கினார்கள். ஆனால் சீனப் பதிவு ஷென்சென் நகரத்திலிருந்த இன்னொரு பிரிவின் பெயரில் இருந்தது. கடைசியில் 2012-ல் 6 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துத்தான் விவகாரம் தீர்ந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எஸ்.எஸ்.எம் பதிவு பெயருக்குச் சொந்தம் தராது. மைஐபிஓ பதிவு தரும், ஆனால் மலேசியாவுக்குள் மட்டும்.

நாடு மட்டும் அல்ல, பொருளின் வகையும் உண்டு

பதிவு செய்யும்போது என்ன பொருளுக்கு என்று சொல்ல வேண்டும். இதற்காக உலகின் பெரும்பாலான நாடுகள் நீஸ் வகைப்பாடு என்ற ஒரே பட்டியலைப் பின்பற்றுகின்றன. மொத்தம் 45 வகைகள். முதல் 34 பொருள்களுக்கு, மற்ற 11 சேவைகளுக்கு. கறித்தூளும் முறுக்கும் 30-ஆம் வகை. ஊறுகாய் 29. கூந்தல் எண்ணெயும் சாம்பிராணியும் 3. சாப்பாட்டுக் கடை 43.

அந்த அக்கா 30-ல் மட்டும் பதிந்திருந்தால், யாரோ ஒருவர் தூக்கணாங்குருவி என்ற பெயரில் கூந்தல் எண்ணெய் விற்பதைத் தடுப்பது கடினம். அதற்காக 45 வகையிலும் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். கட்டணம் வகைக்கு வகை. 2019-இன் விதிகளின்படி மைஐபிஓ-வில் அவர்களுடைய ஆயத்தப் பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வகைக்கு 950 வெள்ளி (ரிங்கிட்). இப்போது விற்பது, நிச்சயமாக விற்கப் போவது, இந்த இரண்டுக்கும் எடுத்தால் போதும்.

முதலில் விற்றவரா, முதலில் பதிந்தவரா?

சண்டை இங்கேதான் வரும். "நான் இருபது வருஷமா இந்தப் பேர்ல விக்கிறேன்" என்பது மலேசியாவில் ஓரளவு எடுபடும் வாதம். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூன்றும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்ட மரபில் வந்தவை. அந்த மரபில் பதிவு இல்லாவிட்டாலும் 'பாசிங் ஆஃப்' என்ற வழக்குப் போடலாம். தன் சரக்கை இன்னொருவருடையது என்று மக்கள் நம்பும்படி விற்பதற்கு எதிரான வழக்கு அது. ஆனால் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: அந்தப் பெயருக்கு அந்த நாட்டில் நல்ல மதிப்பு இருக்கிறது, எதிராளி மக்களைக் குழப்புகிறார், அதனால் உங்களுக்கு நஷ்டம்.

இது எவ்வளவு பாடு என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-ல் திறந்த மெக்கறி உணவகத்தின் மேல் 2001-ல் மெக்டோனல்ட்ஸ் போட்டது பாசிங் ஆஃப் வழக்குதான். 2006-ல் உயர் நீதிமன்றத்தில் மெக்டோனல்ட்ஸ் ஜெயித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டோனல்ட்ஸின் மனுவைத் தள்ளியது. ரொட்டி சானாயும் மீன்தலைக் கறியும் விற்ற நம்மவர் கடை ஜெயித்ததைப் பற்றி நம் ஊர் தேநீர்க் கடைகளில் பேசாத ஆள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் விட்டுப்போவது, இரண்டு தரப்பும் எட்டு வருடம் வழக்கு நடத்தின என்பது. உலகமே அறிந்த கம்பெனிக்கே பாசிங் ஆஃப் கைகொடுக்கவில்லை என்றால், சிங்கப்பூரில் நாலு கடையில் மட்டும் கிடைக்கும் கறித்தூளுக்கு அதை நம்பி இருக்கலாமா?

இந்தியாவில் டொயோட்டாவுக்கு நடந்தது இன்னும் பொருத்தமான பாடம். பிரியஸ் கார் ஜப்பானில் 1997-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் ஓர் உதிரிபாக நிறுவனம் அந்தப் பெயரை 2001 முதல் பயன்படுத்திப் பதிவும் செய்துகொண்டது. 2017 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது: உலகப் புகழ் இருந்தால் போதாது, அந்தச் சமயத்தில் இந்தியச் சந்தையில் அந்தப் பெயர் அறியப்பட்டிருந்தது என்று காட்ட வேண்டும். டொயோட்டாவால் காட்ட முடியவில்லை.

சீனா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் நிலைமை இன்னும் கறார். அங்கே பொதுவாக முதலில் விண்ணப்பித்தவருக்கே முதல் உரிமை. இந்தோனேசியாவின் மேடானுக்கு முறுக்கு அனுப்ப நினைப்பவர், முதல் பெட்டி போவதற்கு முன்னாலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். விற்றுப் பார்த்துவிட்டுப் பதியலாம் என்ற நம் பழக்கம் அங்கே உதவாது.

வெளிநாட்டில் பதிய இரண்டு வழி, ஆறு மாதச் சலுகை

முதலில் சலுகை. 1883-இன் பாரிஸ் உடன்பாட்டில் மலேசியா 1989-ல் சேர்ந்தது. அதன்படி மலேசியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இன்னொரு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், மலேசியாவில் போட்ட தேதியே அங்கேயும் உங்கள் தேதியாகக் கணக்காகும். இதற்கு முன்னுரிமை என்று பெயர். அந்த அக்கா மார்ச் 1-ல் இங்கே விண்ணப்பிக்கிறார். ஜூனில் யாரோ சிங்கப்பூரில் அதே பெயருக்கு விண்ணப்பிக்கிறார். ஆகஸ்டில் அக்கா முன்னுரிமை கேட்டு அங்கே விண்ணப்பித்தால், ஜூன்காரர் பின்னால் போய்விடுவார். செப்டம்பர் 1 கடந்துவிட்டால் இந்தச் சலுகை இல்லை. அப்புறமும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வரிசையில் கடைசியில் நின்று.

பதிவுக்கான முதல் வழி, அந்தந்த நாட்டு அலுவலகத்தில் நேரடியாக விண்ணப்பிப்பது. அந்த நாட்டில் கடிதம் பெற ஒரு முகவரி வேண்டும், அதனால் பெரும்பாலும் அங்குள்ள டிரேட்மார்க் முகவரை வைத்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு நாடுகள்தான் என்றால் என் கருத்தில் இதுவே தலைவலி குறைந்த வழி.

இரண்டாவது மட்ரிட் முறை. மலேசியாவில் உள்ள விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாக வைத்து, மைஐபிஓ வழியாக ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு ஒரே விண்ணப்பம் அனுப்பி, வேண்டிய நாடுகளைக் குறித்துக் கொடுக்கலாம். இதில் 130-க்கு மேற்பட்ட நாடுகள் அடக்கம். சிங்கப்பூர் 2000-லும், இந்தியா 2013-லும், இந்தோனேசியா 2018-லும் சேர்ந்தன. மலேசியா சேர்ந்தது 2019 டிசம்பரில்தான், அதனால் நம் பழைய வியாபாரிகள் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தைவான் இதில் இல்லை, அங்கே நேரடியாகத்தான் போக வேண்டும்.

மட்ரிட் பற்றிய பெரிய தவறான புரிதல் ஒன்று உண்டு. "இன்டர்நேஷனல் ரெஜிஸ்ட்ரேஷன்" என்ற பெயரைக் கேட்டதும் ஒரே சான்றிதழில் உலகம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நடப்பது வேறு. விண்ணப்பம் போகும் பாதை ஒன்று, அவ்வளவுதான். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தனியாகச் சோதித்து 12 அல்லது 18 மாதத்துக்குள் முடிவு சொல்லும். சிங்கப்பூர் சரி என்று சொல்லி இந்தியா மறுக்கலாம். மறுத்தால் பதில் கொடுக்க அங்கே ஒரு முகவர் தேவைப்படும், அந்தச் செலவு தனி.

இன்னொரு பலவீனம்: முதல் 5 வருடத்துக்கு மட்ரிட் பதிவு முழுவதும் உங்கள் மலேசியப் பதிவின் மேல் நிற்கிறது. இங்கே யாராவது வழக்குப் போட்டு அது விழுந்தால், மற்ற நாடுகளிலும் கூடவே விழும். அதன் பிறகு 3 மாதத்துக்குள் அவற்றை அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மறுபடியும் செலவு. ஆகவே மலேசியாவில் பெயர் ஆட்டம் கண்டிருப்பவர் மட்ரிட் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

செலவு சுவிஸ் பிராங்கில். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653, வண்ணக் குறிக்கு 903. அதன் மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். பல நாடுகள் என்றால்தான் இது மலிவு.

சுருக்கமாக: 6 மாதச் சலுகையைக் கணக்கில் வைத்து நாடுகளைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்ச நாடு என்றால் நேரடி வழி, நிறைய என்றால் மட்ரிட். எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்யும்.

எடுத்து விற்பவர் பெயரில் பதிவு

சிறு வியாபாரிகள் பெயரை இழப்பது பெரும்பாலும் யாரோ முகம் தெரியாத திருடனிடம் அல்ல. சரக்கை எடுத்து விற்பவரிடம். அவர் உறவுக்காரராகவும் இருப்பார், ஒரே தோட்டத்தில் வளர்ந்தவராகவும் இருப்பார். "அக்கா, இங்க பேரைப் பதியணுமாம், நானே போட்டுடுறேன், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்று போனில் கேட்பார். அக்காவும் "சரிப்பா, போட்டுக்கோ" என்பார். கெட்ட எண்ணம் அந்த நேரத்தில் யாருக்குமே இல்லை.

அடுத்து விலை ஏற்றம் வரும், இல்லை அவர் வேறொருவரிடம் மலிவாகத் தூள் வாங்க ஆரம்பிப்பார். அன்றைக்குச் சிங்கப்பூரில் தூக்கணாங்குருவி யாருடையது? பதிவேட்டில் பெயர் இருக்கிறவருடையது. அக்கா வேறொருவருக்குச் சரக்கு அனுப்பினால், பதிந்தவர் அக்கா மேலேயே பதிவை மீறியதாக நடவடிக்கை எடுக்கலாம்.

பாரிஸ் உடன்பாட்டில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. முகவர் அல்லது பிரதிநிதி, உண்மையான உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தன் பெயரில் பதிந்துகொண்டால், உரிமையாளர் அதை எதிர்க்கலாம், ரத்துச் செய்யக் கேட்கலாம். ஆனால் 'அனுமதி இல்லாமல்' என்பதுதான் அங்கே முக்கியம். "போட்டுக்கோ" என்று அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியே அந்த வாதத்தைக் கெடுத்துவிடும்.

விற்பவர் விண்ணப்பச் செலவை ஏற்றுக்கொண்டாலும் விண்ணப்பதாரர் உங்கள் தொழிலாகவே இருக்கட்டும். அவருக்குப் பெயரைப் பயன்படுத்த அனுமதி மட்டும் எழுதிக் கொடுங்கள். வியாபாரம் முறிந்தால் அந்த அனுமதியும் முடியும் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும். நெருங்கிய ஆளிடம் கையெழுத்துக் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும், தெரிகிறது. பிறகு ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது அதைவிடக் கூச்சம்.

சென்னையில் பாக்கெட் அச்சடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. விற்பது இங்கே என்றாலும், உங்கள் பெயர் போட்ட பாக்கெட் அங்கே தயாராகிறது. இந்தியப் பதிவேட்டுக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. அந்தப் பெயரை அங்கே இன்னொருவர் பதிந்திருந்தால், உங்கள் பாக்கெட் அங்கிருந்து கிளம்புவதற்கே இடைஞ்சல் வரலாம்.

பதிவு கிடைத்த பிறகு

பதிவு பொதுவாக 10 வருடம். கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. ஆனால் பயன்படுத்த வேண்டும். மலேசியாவில் தொடர்ந்து 3 வருடம், சிங்கப்பூரில் 5 வருடம் பயன்படுத்தாமல் விட்டால், வேறொருவர் கேட்டு நீக்க வைக்கலாம். இந்தோனேசியாவில் பெரிய தளவாடக் கம்பெனியான ஐகியாவுக்கே இது நடந்தது. சில வகைகளில் 3 வருடம் பயன்பாடு இல்லை என்று சொல்லி, ஓர் உள்ளூர்ப் பிரம்புத் தளவாட நிறுவனம் தொடுத்த வழக்கில் 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவுகளை நீக்கியது. ஆகவே வெளிநாட்டில் விற்ற ரசீது, விளம்பரப் படம், கப்பல் தாள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

உங்கள் பெயரை அரசாங்கம் காவல் காக்காது. யாராவது ஒத்த பெயருக்கு விண்ணப்பித்தால் அது அதிகாரபூர்வ இதழில் வெளியாகும். எதிர்ப்புத் தெரிவிக்க மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2 மாதம், இந்தியாவில் 4 மாதம். பார்க்காமல் விட்டால் போச்சு. மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் உள்ள இலவசப் பதிவேடுகளில் பெயரைத் தேடிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பாக்கெட்டில் போடும் குறியிலும் கவனம் வேண்டும். டி.எம் என்ற எழுத்துகளை யாரும் போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவானதற்கு மட்டும். மலேசியாவில் பதிவாகாத பெயருக்குப் பக்கத்தில் அந்த வட்டத்தைப் போடுவது குற்றம். அச்சகத்துக்காரர் 'அழகா இருக்கு' என்று சேர்த்துவிடுவார், கவனியுங்கள்.

ஏற்கெனவே யாராவது எடுத்துக்கொண்டிருந்தால்

முதலில் தேதியைப் பாருங்கள். இன்னும் எதிர்ப்புக் காலத்தில் இருந்தால் உடனே எதிர்ப்புப் போடுவதுதான் மலிவான வழி. பதிவே ஆகிவிட்டால், கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்று காட்டி ரத்துக் கேட்கலாம். பழைய விலைப்பட்டியல்கள், அவர் உங்களிடம் சரக்கு வாங்கிய ரசீதுகள், முதன்முதலில் அடித்த பாக்கெட் ஆகியவைதான் சாட்சி. பதிந்தவர் அந்தப் பெயரில் விற்கவே இல்லை என்றால், அந்த நாட்டுச் சட்டம் சொல்லும் காலம் கடந்ததும் பயன்பாடு இல்லை என்று நீக்கக் கேட்கலாம்.

இவை எதுவும் நடக்காது என்றால் இரண்டு வழிதான் மிச்சம். ஆப்பிள் செய்தது போலப் பேசி விலைக்கு வாங்குவது, அல்லது ஹங்ரி ஜாக்ஸ் போல அந்த நாட்டுக்கு மட்டும் வேறு பெயர் வைப்பது. வாங்குவதென்றால், புதுப் பாக்கெட் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். நீங்கள் அந்த நாட்டில் பெரிதாக இறங்கப் போகிறீர்கள் என்று எதிராளிக்குத் தெரிந்தால் விலை ஏறிவிடும். பேச்சு முடிந்ததும் உரிமை மாற்றத்தை அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். இருவருக்குள் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் இருந்தால், பதிவேட்டைப் பார்க்கும் மூன்றாம் ஆளுக்குப் பழைய பெயர்தான் இன்னும் உரிமையாளராகத் தெரியும்.